பவர் பாப் பிடித்துப்போனவர்கள் இணையத்தில் எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

ஷூஸ் என்று ஓர் இசைக்குழு உண்டு. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்துச் சயான் என்ற சின்ன ஊர்க்காரர்கள். 1977-ல் வீட்டுக் கூடத்தில் நாலு டிராக் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர்களே பதிவு செய்த 'பிளாக் வினைல் ஷூஸ்' ஆல்பத்தைப் பவர் பாப் ரசிகர்கள் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சரி, நாமும் கேட்டுப் பார்க்கலாமே என்று குழுவின் பெயரைத் தேடுபெட்டியில் அடித்தால் வருவது பூராவும் செருப்புக் கடை.

இந்த இசையின் முதல் தலைவலியே இதுதான். தி ரெக்கார்ட்ஸ், தி பீட், தி பாப், தி நெர்வ்ஸ், ராஸ்ப்பெரீஸ், ஆஃப் பிராட்வே என்று எல்லாமே அன்றாடச் சொற்கள். ட்வென்டி ட்வென்டி என்ற குழுவைத் தேடினால் கண் மருத்துவரும் கிரிக்கெட்டும் வரிசையாக வந்து நிற்பார்கள். போதாக்குறைக்கு, இந்தக் குழுக்களில் பாதி ஒன்றிரண்டு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போனவை. ஸ்ட்ரீமிங் செயலி தானாகப் பரிந்துரைக்கும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரே இருபது பாட்டுதான் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே இங்கே இயந்திரத்தை ஓரளவுக்குத்தான் நம்ப வேண்டும், மிச்சத்துக்கு மனிதர்கள் விட்டுச்சென்ற தடத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு ரெண்டு வரி. பவர் பாப் என்ற பெயரை 1967-ல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைப் பற்றி ஒரு பேட்டியில் பேசும்போது சொன்னார். பீட்டில்ஸ் மாதிரி மெட்டும் குரல் ஒத்திசையும், அதோடு கொஞ்சம் முரட்டுக் கிட்டாரும், மூணு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் பேட்ஃபிங்கர், ராஸ்ப்பெரீஸ், பிக் ஸ்டார்; அந்தப் பத்தாண்டு முடியும்போது சீப் ட்ரிக், 'மை ஷரோனா' பாடிய தி நாக்; தொண்ணூறுகளில் டீனேஜ் ஃபேன்கிளப், மேத்யூ ஸ்வீட், போஸீஸ், ஜெல்லிஃபிஷ்; அப்புறம் ஃபவுண்டன்ஸ் ஆஃப் வெய்ன். எது பவர் பாப், எது இல்லை என்று ரசிகர்கள் சண்டை போடுவது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளாமல் பாட்டைக் கேட்கப் போவது நல்லது.

பெயரை மட்டும் அடிக்காதீர்கள்

குழுவின் பெயரோடு ஊர், ஆண்டு, லேபிள் (அதாவது ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி), உறுப்பினர் பெயர், இவற்றில் ஏதாவது ரெண்டைச் சேர்த்து அடியுங்கள். ஷூஸ் என்றால் கூடவே சயான், 1977. பிக் ஸ்டார் என்றால் மெம்ஃபிஸ் என்ற ஊர், ஆர்டென்ட் என்ற லேபிள். ஆல்பத்தின் பெயர் தெரிந்திருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், கடைகளெல்லாம் ஓடிவிடும். இந்த இசையை ஆங்கிலத்தில் ரெண்டு சொல்லாகவும் எழுதுகிறார்கள், ஒரே சொல்லாகச் சேர்த்தும் எழுதுகிறார்கள், நடுவில் கோடு போட்டும் எழுதுகிறார்கள். மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், வேறு வேறு பக்கங்கள் கிடைக்கும். சேர்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழுத்த ரசிகர்கள் என்பது என் அனுமானம். ஸ்கின்னி டை என்ற சொல்லையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 1979, 80 வாக்கில் மெல்லிய கழுத்துப்பட்டையும் கோட்டுமாக வந்து நின்ற குழுக்களைக் கிண்டலாக அப்படிச் சொன்னார்கள், இப்போது சேகரிப்பவர்கள் அதையே ஒரு வகைப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே பெயரில் ரெண்டு குழு இருப்பது இன்னொரு தொல்லை. ஆர்ட்ஃபுல் டாட்ஜர் என்று எழுபதுகளில் வர்ஜீனியாவிலிருந்து ஓர் அருமையான பவர் பாப் குழு வந்தது. அதே பெயரில் தொண்ணூறுகளின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து நடன இசை இரட்டையர் வந்தார்கள், அவர்கள்தான் அதிகம் பிரபலம். தி பீட் என்றாலும் அப்படித்தான்: பால் காலின்ஸின் அமெரிக்கக் குழு ஒன்று, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) குழு ஒன்று. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இப்படிப்பட்டவர்களின் ஆல்பங்கள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது சாதாரணம். இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் இந்தக் குழப்பம் குறைவு, ஒரே பெயருள்ள ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எது யார் என்று அங்கே பார்த்து, ஆல்பத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, பிறகு செயலியில் அந்த ஆல்பத்தைத் தேடுவதுதான் சுருக்கு வழி.

ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். பிளாண்டி குழு 1978-ல் 'பேரலல் லைன்ஸ்' ஆல்பத்தில் பாடிய 'ஹேங்கிங் ஆன் த டெலிபோன்'. டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தைத் திறந்து பாட்டுக்குக் கீழே எழுதியவர் யார் என்று பாருங்கள். பிளாண்டியில் இருந்த யாரும் இல்லை, ஜாக் லீ. அவர் பெயரைச் சொடுக்கினால் தி நெர்வ்ஸ் வரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன மூன்றே பேர், 1976-ல் சொந்தச் செலவில் போட்ட நாலு பாட்டுத் தட்டு ஒன்று, அதிலேயே இந்தப் பாட்டு இருக்கிறது. இப்போது மற்ற ரெண்டு பேரையும் சொடுக்குங்கள். பீட்டர் கேஸ் பிறகு பிளிம்சோல்ஸ் ஆரம்பித்தார், 'எ மில்லியன் மைல்ஸ் அவே' அவர்களுடையது. பால் காலின்ஸ் தி பீட் ஆரம்பித்தார், 1979-ல் முதல் ஆல்பம். ரெண்டுக்கும் நடுவில் பிரேக்அவேஸ் என்று இவர்கள் இருவரும் சேர்ந்து கொஞ்ச நாள் ஓட்டிய குழு வேறு. ஜாக் லீ எழுதிய இன்னொரு பாட்டை 1983-ல் பால் யங் பாடிப் பெரிய ஹிட் ஆக்கினார். ஒரு பாட்டிலிருந்து கிளம்பினால் ஒரு வாரத்துக்குக் கேட்பதற்குச் சரக்கு கையில் இருக்கும், எந்தச் செயலியும் இதை இப்படிக் கோத்துக் கொடுக்காது.

இதே மாதிரி தயாரிப்பாளர், ஒலிப்பதிவுக் கூடம், லேபிள் எதைப் பிடித்துக்கொண்டும் நடக்கலாம். ஒரு பாட்டை யார் யார் மறுபடி பாடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குச் செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் என்ற தளம் இருக்கிறது. பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டை அங்கே தேடினால் 1986-ல் பேங்கிள்ஸ் பாடியது வரும். பவர் பாப்பில் யார் யாருடைய பாட்டைப் பாடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே யார் யாருக்குச் சொந்தக்காரர்கள் என்று பாதி புரிந்துவிடும்.

டிஸ்காக்ஸைச் சும்மா விலை பார்க்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் தேடலில் ராக் என்ற வகைக்குள் பவர் பாப் என்று ஒரு பாணி தனியாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு 1980, வடிவம் ஏழு அங்குலத் தட்டு என்று வடிகட்டினால் நீங்கள் கேள்விப்பட்டே இராத ஊர்க் குழுக்கள் கொத்துக் கொத்தாக வருவார்கள். நாட்டையும் மாற்றிப் பாருங்கள். பவர் பாப் என்றால் அமெரிக்காவும் இங்கிலாந்தும் மட்டும் என்ற நினைப்பு அப்போது போய்விடும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாம் மரியானி தி ஸ்டெம்ஸிலும் டிஎம்3-லும் செய்திருப்பது, ஸ்வீடனின் மெரிமேக்கர்ஸ், கனடாவின் ஸ்லோன், எல்லாம் அப்படித் தேடும்போது கண்ணில் படுகிறவை.

பழைய தொகுப்புகளின் பாட்டுப் பட்டியல்

இது பலர் தவறவிடுகிற விஷயம். விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்த தொகுப்பு ஆல்பங்கள் இந்த இசைக்கு நிறைய இருக்கின்றன. ரைனோ நிறுவனம் 1993-ல் போட்ட டிஐஒய் வரிசையில் அமெரிக்கப் பவர் பாப்புக்கு மட்டும் ரெண்டு தட்டு, 1997-ல் வந்த 'பாப்டோப்பியா' எழுபது, எண்பது, தொண்ணூறுகளுக்குத் தலைக்கு ஒன்றாக மூன்று தட்டு. நியூமெரோ குரூப் 2004-ல் போட்ட 'யெல்லோ பில்ஸ்: ப்ரீஃபில்' யாரும் கேட்டிராத குழுக்களாகவே தோண்டி எடுத்தது. இங்கிலாந்தின் செர்ரி ரெட் 2018-ல் 'ஹார்மனி இன் மை ஹெட்' என்று மூன்று தட்டில் பிரிட்டிஷ் பக்கத்தைத் தொகுத்தது. இவற்றில் பல ஸ்ட்ரீமிங்கில் தொகுப்பாகக் கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை. பாட்டுப் பட்டியல் டிஸ்காக்ஸில் இருக்கிறது, அதைப் பார்த்து ஒவ்வொரு பாட்டாகத் தேடி உங்கள் பிளேலிஸ்டில் போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கும் கிடைக்காத பாட்டை மட்டும் தனியாக எழுதி வையுங்கள், யூடியூபுக்கு அப்புறம் வருவோம்.

முதலில் எதை எடுப்பது என்று கேட்டால் 'பாப்டோப்பியா'வின் எழுபதுகள் தட்டு. 'யெல்லோ பில்ஸ்' ரொம்ப நல்ல தொகுப்பு, ஆனால் ஆரம்பத்திலேயே அங்கே போனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றிவிடும்.

படிப்பதற்கு

ட்ரவுசர் பிரஸ் 1974-லிருந்து 1984 வரை நியூயார்க்கிலிருந்து வந்த பத்திரிகை. அவர்கள் பிறகு போட்ட ஆல்பக் கையேடுகளின் விமர்சனங்கள் முழுசாக அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு குழுவின் பெயரை எடுத்தால் முதல் ஆல்பத்திலிருந்து கடைசி வரை ரெண்டு மூணு பத்தியில் சுருக்கென்று சொல்லி முடித்திருப்பார்கள், எது தேறும் எது தேறாது என்று தயவு தாட்சண்யம் இல்லாமல். சின்னக் குழு ஒன்றைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நான் விக்கிபீடியாவுக்கு முன்னால் அங்கேதான் போவேன்.

கிரெக் ஷா நடத்திய பாம்ப் பத்திரிகை 1978 மார்ச்சில் பவர் பாப்புக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. அந்தக் காலத்துச் சூட்டோடு படிக்க வேண்டுமென்றால் வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி என்ற தளத்தையும் பாருங்கள். பில்போர்ட், கேஷ் பாக்ஸ், மெலடி மேக்கர் போன்றவற்றின் பழைய இதழ்களை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், விளம்பரங்கள் உட்பட. 1979-ன் இரண்டாம் பாதி இதழ்களைப் புரட்டினால், 'மை ஷரோனா' ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு கம்பெனியும் அதே அச்சில் ஒரு குழுவைப் பிடிக்க அலைந்தது விளம்பரப் பக்கங்களிலேயே தெரியும். அந்த விளம்பரங்களில் இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், தேடுவதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

புதிய வெளியீடுகளுக்கு ரசிகர்கள் நடத்தும் விமர்சனத் தளங்கள் உண்டு. பவர்பாப்பஹாலிக், ஐ டோன்ட் ஹியர் எ சிங்கிள், அப்சல்யூட் பவர்பாப் மூன்றும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமானவை. ஆண்டு முடியும்போது இந்த மாதிரித் தளங்கள் போடும் சிறந்த ஆல்பங்கள் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஆல்பம் ரெண்டு பட்டியலில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றித்தான் எழுதுவார்கள், திட்டு விழுவது அபூர்வம். அதனால் பாராட்டின் அளவைப் பார்க்காதீர்கள், எந்தக் குழு மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்களோ அதைப் பாருங்கள். ஜெல்லிஃபிஷ் மாதிரி என்றால் அலங்காரம் ஜாஸ்தி, டீனேஜ் ஃபேன்கிளப் மாதிரி என்றால் நிதானமான கிட்டார், சீப் ட்ரிக் மாதிரி என்றால் சத்தம்.

மூடிப்போன தளங்களும் உதவும். கொலராடோவில் நாட் லேம் என்று ஒரு லேபிள் இருந்தது, உலகம் பூராவுக்கும் தபாலில் பவர் பாப் சிடி அனுப்பியவர்கள், 2010-ல் கடையை மூடினார்கள். இப்படிப்பட்ட இடங்களின் பழைய முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் போட்டு, ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அப்போதைய பக்கங்கள் பலவும் திறக்கும். படங்கள் உடைந்திருக்கும், எழுத்து பெரும்பாலும் இருக்கும்.

ரசிகர்கள் ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடும் ரேட் யுவர் மியூசிக் தளத்தில் பவர் பாப் பட்டியலைத் திறந்தால் மேலே இருப்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களாகத்தான் இருக்கும். ஆண்டை மட்டும் ஒன்றாகச் சுருக்குங்கள், அல்லது சிறந்தவை என்ற வரிசையை மாற்றி, அதிகம் பேர் கேட்டிராதவை என்ற வரிசையில் பாருங்கள். அதற்கு எஸோடெரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் புதையல், குப்பையும் அங்கேதான்.

இப்போது வருகிற பாட்டுகள்

இதற்குப் பேண்ட்கேம்ப் போதும், குழுக்களும் லேபிள்களும் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் தளம் அது. பவர் பாப் டேகை (ஆல்பத்தின் மேல் ஒட்டும் வகைப் பெயரை) திறந்து புதியவை என்ற வரிசையில் வைத்தால் நாள்தோறும் ஏதாவது வந்துகொண்டிருக்கும், ஆனால் டேகை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால் பங்க், ஷூகேஸ் போன்ற வேறு வகை ராக் எல்லாம் உள்ளே புகுந்திருக்கும். ஆட்களைப் பின்தொடர்வதே மேல். உங்களுக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கிய ரசிகர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால் அந்த ஆள் வாங்கிய மொத்த ஆல்பங்களும் விரியும். உங்களிடம் இருப்பதில் நாலைந்து அவரிடமும் இருந்தால் மீதியைக் கேட்கத் தொடங்குங்கள், அவரைப் பின்தொடருங்கள். முகம் தெரியாத ஒருவருடைய ரசனை நம்முடையதோடு இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று ஆச்சரியமாக இருக்கும்.

லேபிள்களில் கலிஃபோர்னியாவின் பிக் ஸ்டிர், நியூ ஜெர்ஸியின் கூல் கேட் ரெண்டும் இந்த இசையையே மையமாக வைத்து இயங்குபவை. மறுவெளியீட்டுக்கு ஆம்னிவோர். இவர்கள் மூவரின் புதிய வெளியீட்டு அறிவிப்புகளை வாங்கி வைத்தாலே நிறையத் தெரிந்துவிடும். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை அந்த நிறுவனம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது, 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம். வாங்குவதாக இருந்தால் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்துக்கொண்டு அந்த நாளில் வாங்குங்கள், பாடியவருக்கு நாலு காசு கூடப் போகும்.

இன்டர்நேஷனல் பாப் ஓவர்த்ரோ என்ற விழா 1998-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. இப்போது பல ஊர்களில் நடக்கிறது, லிவர்பூலின் கேவர்ன் கிளப் உட்பட. நேரில் போக முடியாவிட்டால் என்ன, எந்த ஊரில் எந்தக் குழுக்கள் வாசிக்கின்றன என்ற அட்டவணையைத் தளத்தில் போடுவார்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு பேண்ட்கேம்பில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வானொலி கேட்கிறவர்களுக்குக் கிட்டார் கலைஞர் ஸ்டீவன் வான் ஸாண்ட் 2002-ல் ஆரம்பித்த அண்டர்கிரவுண்ட் கராஜ் நிகழ்ச்சி இருக்கிறது. கராஜ் ராக்தான் அதிகம், ஆனால் நடுநடுவே நல்ல பவர் பாப் வரும்.

ஸ்ட்ரீமிங், யூடியூப், அப்புறம் பழைய தட்டு

ஸ்ட்ரீமிங்கில் ஒரு பொறி உண்டு. எழுபது, எண்பதுகளின் பல குழுக்கள் தங்கள் பிரபலமான பாட்டைப் பல வருஷம் கழித்து மறுபடி பதிவு செய்திருப்பார்கள், மூலப்பதிவின் உரிமை கம்பெனியிடம் இருப்பதால். செயலியில் மேலே வருவது சில சமயம் அந்தப் புதிய பதிவாக இருக்கும். குரல் வயதாகித் தெரிந்தால், டிரம்ஸ் ரொம்பச் சுத்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பாட்டின் நீளத்தை டிஸ்காக்ஸில் இருக்கும் நீளத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரிய வெற்றிப் பாடல்கள் என்ற தலைப்பில் ஏதோ பெயர் தெரியாத லேபிள் போட்ட ஆல்பம் என்றால் இன்னும் உஷார்.

எங்கும் கிடைக்காதவை என்று தனியாக எழுதி வைத்தீர்களே, அவற்றுக்கு யூடியூப். ஏழு அங்குலத் தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் லேபிளின் படத்தைப் போட்டுப் பாட்டை ஏற்றியிருப்பார்கள், விவரத்தில் ஆண்டும் ஊரும் இருக்கும். கீழே கருத்துகளையும் ஒரு பார்வை பாருங்கள், அந்த டிரம்மரின் தம்பியோ அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவரோ வந்து ரெண்டு வரி எழுதியிருப்பது இந்த இசையில் அபூர்வம் இல்லை. ஏற்றியது எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும், ஆகவே பெயரையும் லேபிளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள்களிடம் கேட்க வேண்டுமென்றால் ரெடிட்டில் பவர் பாப் பெயரிலேயே ஒரு பிரிவு இருக்கிறது, ஸ்டீவ் ஹாஃப்மன் மன்றத்தில் எந்த மறுவெளியீட்டில் ஒலி நன்றாக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக அலசுவார்கள். பொதுவாக நல்ல பாட்டு சொல்லுங்கள் என்று கேட்டால் பிக் ஸ்டார் என்று பத்துப் பேர் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிடித்த மூன்று பாட்டையும் பிடிக்காத ஒரு பாட்டையும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பதிலின் தரமே வேறாக இருக்கும்.

கடைசியில் சில தட்டுகளை வாங்கித்தான் கேட்க முடியும். முதலில் குழுவின் சொந்தத் தளத்தைப் பாருங்கள், மிச்சமிருக்கும் சிடிகளை அவர்களே விற்றுக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் டிஸ்காக்ஸ் சந்தை. அங்கே தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் போட்டிருப்பார்கள், தட்டின் தரத்தைப் பாருங்கள். கேட்கிற விலை ஒன்று, விற்ற விலை ஒன்று. இதுவரை என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பது அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கும். தபால் செலவு சில சமயம் தட்டின் விலையைத் தாண்டும், ஆகவே ஒன்றை மட்டும் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பாமல், அதே விற்பனையாளரின் சரக்கைப் பவர் பாப் என்று வடிகட்டிப் பாருங்கள். இந்த இசையை ஒருவர் ஒரு தட்டோடு நிறுத்தியிருக்க மாட்டார்.